மஞ்சள் விளக்கு சொல்லும் செய்தி

ஈப்போவுக்குத் தெற்கே உள்ள சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு மலைச்சாலை வளைந்து வளைந்து மேலேறுகிறது. பேராக் மாநில எல்லையைக் கடந்து பகாங் மாநிலத்திற்குள் நுழைந்ததும் கம்போங் ராஜா வந்துவிடும். கேமரன் மலையின் வடக்கு வாசல் என்று இவ்வூரைச் சொல்லலாம். அருகில் புளூ வேலி தேயிலைத் தோட்டமும் சுற்றிலும் காய்கறித் தோட்டங்களும் உள்ளன.

இங்கு வாழும் மக்களுக்கு வாகனம் கை கால் போன்றது. பறித்த தேயிலைக் கொழுந்து வாடுமுன் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டும். முட்டைக்கோசும் தக்காளியும் விடிவதற்குள் சமவெளிச் சந்தைகளை அடைய வேண்டும். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கும் வாகனம் வேண்டும். ஏற்றத்தின் நடுவே இயந்திரம் நின்றுபோனால் அன்றைய வருமானம் போய்விடும்; வளைவில் நின்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, முகப்புப் பலகையில் இயந்திர வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. அந்த விளக்கு ஏன் எரிகிறது? அதன் காரணத்தைக் கண்டறிய உதவும் கருவி எது? அந்தக் கருவி சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வாகனத்திற்குள் ஒரு கணினி

பழைய வாகனங்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இயந்திரத்திற்கு அனுப்பும் வேலையைக் கார்புரேட்டர் செய்தது. அதனுள் பெட்ரோல் வரும் துளையின் அளவு மாறாதது. பிற்காலத்தில் அவ்வேலையைச் சிறு கணினி ஒன்று ஏற்றுக்கொண்டது. உள்ளே வரும் காற்றின் அழுத்தம், குளிர்விப்பு நீரின் வெப்பம், புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜன் முதலியவற்றை உணரிகள் அளந்து கணினிக்குத் தெரிவிக்கின்றன. கணினி அவற்றைக் கணக்கிட்டு, எவ்வளவு பெட்ரோலை எந்த நொடியில் தெளிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது.

ஓர் உணரி தரும் அளவு இயல்புக்கு மாறாக இருந்தால், கணினி அதனை ஒரு குறியீடாகத் தன் நினைவகத்தில் பதிந்துகொள்கிறது. மஞ்சள் விளக்கையும் எரியவைக்கிறது. அந்தக் குறியீட்டை வெளியே எடுத்துக் காட்டும் கையடக்கக் கருவியே குறியீடு வாசிப்பான். பட்டறைகளில் இதனைப் பொதுவாக 'ஸ்கேனர்' என்பார்கள்.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகுமுனையையும் தனக்கென ஒரு குறியீட்டுப் பட்டியலையும் வைத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் வாகனத்தில் பயன்படாது. அமெரிக்கா 1996ஆம் ஆண்டு மாதிரிகள் தொடங்கி, அங்கு விற்கப்படும் மகிழுந்துகள் அனைத்திலும் ஒரே வகைச் செருகுமுனை இருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. ஓ.பி.டி. 2 எனப்படும் இம்முறையில் 16 ஊசிகள் கொண்ட செருகுமுனை பயன்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் பெட்ரோல் மகிழுந்துகளுக்கு இத்தகைய முறையைக் கட்டாயமாக்கியது. காற்று மாசைக் குறைப்பதே இச்சட்டங்களின் நோக்கம். ஆனால், சிறு பட்டறைகளுக்கும் அதனால் நன்மை விளைந்தது. ஒரே கருவியைக் கொண்டு பல நிறுவனங்களின் வாகனங்களைச் சோதிக்க முடிந்தது.

குறியீட்டைப் படிக்கும் முறை

பி0118 என்னும் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். இதில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் உள்ளன.

முதலில் வரும் 'பி' என்னும் ஆங்கில எழுத்து, இயந்திரத்தையும் பற்சக்கரப் பெட்டியையும் குறிக்கும். வண்டியின் உடற்பகுதி, அடிப்பகுதி, கணினிகளுக்கிடையிலான தொடர்பு ஆகியவற்றுக்கு வேறு எழுத்துகள் உண்டு. அடுத்துள்ள 0, இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டுகிறது. அவ்விடத்தில் 1 இருந்தால், அது அந்நிறுவனத்திற்கே உரிய குறியீடு.

மூன்றாவதாக வரும் இலக்கம் எந்தத் துறையில் கோளாறு என்பதைச் சொல்கிறது. 1 என்றால் காற்று, எரிபொருள் அளவீடு. 3 என்றால் தீப்பொறி அமைப்பு. 4 என்றால் புகை வெளியேற்றக் கட்டுப்பாடு. 7 என்றால் பற்சக்கரப் பெட்டி. கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட குறையைச் சுட்டும். அவ்வகையில் பி0118 என்பது, குளிர்விப்பு நீரின் வெப்பநிலையை அளக்கும் மின்சுற்றிலிருந்து அளவுக்கு மீறிய மின்னழுத்தம் வருகிறது என்பதைத் தெரிவிக்கிறது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'உணரி கெட்டுவிட்டது' என்று இக்குறியீடு சொல்லவில்லை. 'இந்தச் சுற்றிலிருந்து வரும் செய்தி சரியாக இல்லை' என்று மட்டுமே சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியாததால்தான் பலர் தேவையற்ற பாகங்களை வாங்கிப் பணத்தை இழக்கின்றனர்.

எல்லா வாகனமும் பேசுமா?

கேமரன் மலை என்றதும் பலருக்குப் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் நினைவுக்கு வரும். 1948இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இவ்வகை வாகனம், சேறும் சரிவும் நிறைந்த தோட்டப் பாதைகளுக்கு ஏற்றதாக அமைந்தது. பல பத்தாண்டுகள் ஓடிய வண்டிகளையும் பழுதுபார்த்து இன்றும் இங்கே பயன்படுத்துகிறார்கள். இத்தகைய வண்டிகளில் குறியீடு வாசிப்பானைச் செருக இடம் தேடுவது வீண்முயற்சி. ஏனெனில், அவற்றின் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தக் கணினியே இல்லை. லேண்ட் ரோவர் டிபெண்டர் வண்டியில்கூட, கணினி கட்டுப்படுத்தும் டீசல் இயந்திரம் 1998இல்தான் வந்தது. அதற்கு முந்தைய டீசல் இயந்திரங்கள் பெரும்பாலும் பம்பின் இயக்கத்தாலேயே எரிபொருளை அளந்து தெளித்தன.

எனவே, பழைய வாகனங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, கணினி இல்லாதவை. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவைப் போன்ற கார்புரேட்டர் மகிழுந்துகளும் பழைய டீசல் வண்டிகளும் இதில் அடங்கும். இவற்றில் கண், காது, மூக்கு ஆகியவையே கருவிகள். கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதி அல்லது காற்று போதாமை. முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். இயந்திரம் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காமல் வந்தால், குளிர்விப்பு நீர் உள்ளே கசிகிறதா என்று ஐயுற வேண்டும்.

இரண்டாம் வகை, கணினி உண்டு. ஆனால் பொதுவான செருகுமுனை இல்லை. இவற்றுள் சில, விளக்கை மின்னச் செய்தே தம் குறையைத் தெரிவிக்கும். சில பழைய டொயோட்டா வாகனங்களில் டி.இ.1, இ.1 எனக் குறிக்கப்பட்ட இரு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கும். இரண்டு முறை மின்னி, சற்று நின்று, மீண்டும் இரண்டு முறை மின்னினால் குறியீடு 22 என்று பொருள். குளிர்விப்பு நீரின் வெப்பநிலை உணரியின் சுற்றை அது குறிக்கும். இம்முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே, அந்த வாகனத்தின் கையேட்டைப் பார்க்காமல் எந்த முனையையும் இணைத்துவிடக்கூடாது.

மூன்றாம் வகை, 16 ஊசிச் செருகுமுனை உள்ளவை. ஸ்டீயரிங் வளையத்தின் கீழ்ப்புறத்தில் அது பெரும்பாலும் இருக்கும். ஆயினும், செருகுமுனை பொருந்துவதாலேயே உரையாடல் நடக்கும் என்று எண்ணிவிடலாகாது. மாற்றத்தின் தொடக்கக் காலத்தில் செய்யப்பட்ட சில வாகனங்கள், தம் நிறுவனத்தின் கருவிக்கு மட்டுமே முழுமையாகப் பதில் சொல்லும். கருவியின் திரை ஒளிராவிட்டால் வாகனத்தின் பியூஸ் எரிந்திருக்கவும் கூடும். ஏனெனில், கருவிக்கு வேண்டிய மின்சாரம் அந்தச் செருகுமுனை வழியாகவே வருகிறது.

ஒரு குறியீடு, பல காரணங்கள்

பி0118 குறியீட்டுக்கு மீண்டும் வருவோம். குளிர்ந்த காலையில் ஒரு பழைய மகிழுந்து எளிதில் கிளம்ப மறுக்கிறது. பெட்ரோலும் வழக்கத்தைவிட மிகுதியாகச் செலவாகிறது. வாசிப்பானைச் செருகியதும் பி0118 தெரிகிறது. அடுத்து, உணரிகள் அந்த நொடியில் தரும் அளவுகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால், குளிர்விப்பு நீரின் வெப்பநிலை -40 பாகை செல்சியஸ் என்று இருக்கிறது. கம்போங் ராஜா குளிர்ந்த ஊர்தான். ஆனால், நீர் உறையும் குளிர்கூட இங்கில்லை. அப்படியானால் இந்த -40 எங்கிருந்து வந்தது?

அறிவியல் பாடத்தில் மின்தடையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இந்த உணரிக்குள் இருக்கும் பொருளின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். 20 பாகையில் ஏறக்குறைய 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும் மின்தடை, 80 பாகையில் சுமார் 300 ஓமுக்கு இறங்கிவிடும். மின்தடை மிக உயர்ந்திருந்தால், நீர் மிகவும் குளிர்ந்திருக்கிறது என்று கணினி முடிவு செய்யும். கம்பி அறுந்துவிட்டால் மின்சாரம் பாயவே வழியில்லை, மின்தடை எல்லையற்றதாகிறது. அப்போது கணினி தன் அளவுகோலின் கடைக்கோடியான -40 பாகையைக் காட்டுகிறது.

ஆக, எங்கோ மின்தொடர்பு அறுந்துள்ளது. உணரியின் உள்ளே அறுந்திருக்கலாம். மலையின் ஈரக் காற்றில் இணைப்பியின் ஊசிகள் பச்சை பூத்திருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். இவற்றுள் எது என்று அறிய, அனுபவமுள்ள மெக்கானிக் ஓர் எளிய சோதனை செய்வார். உணரியிலிருந்து இணைப்பியைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைப்பார். திரையில் வெப்பநிலை -40இலிருந்து 120 பாகைக்கும் மேலே தாவினால், கம்பியும் கணினியும் நன்றாக உள்ளன. உணரியையே மாற்ற வேண்டும். எண் அசையாமல் -40இலேயே நின்றால், உணரியின் மீது குற்றமில்லை. கம்பியைப் பின்தொடர்ந்து அறுந்த இடத்தைத் தேட வேண்டும்.

இச்சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். இதனைச் செய்யாமல் உணரியை வாங்கிப் பொருத்தியவரின் வண்டியில் மறுநாளும் அதே விளக்கு எரியும். அவர் அடுத்து வேறொரு பாகத்தை வாங்குவார். உண்மையில் தேவைப்பட்டதோ ஒரு சாண் நீளக் கம்பியாக இருக்கலாம். இந்தச் சோதனை இவ்வகை உணரிக்கே உரியது. மற்ற இணைப்பிகளில் செய்து பார்த்தால் கணினி பழுதாகக்கூடும்.

உயரத்தை மறக்கக்கூடாது

மலையில் பழுதுபார்ப்பவர் சமவெளியின் எண்களை அப்படியே நம்பக்கூடாது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். 1,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 85 கிலோபாஸ்கல்.

பல மகிழுந்துகளில் காற்றழுத்த உணரி உண்டு. இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். கிள்ளானில் 101 காட்டும் நல்ல உணரி, கேமரன் மலையின் உயரமான ஊர்களில் 85ஐ ஒட்டிக் காட்டுவது இயல்பு. இதை அறியாத ஒருவர், 'அளவு குறைவாக உள்ளது' என்று நல்ல உணரியைக் கழற்றி எறிந்துவிடுவார். மாறாக, மலையுச்சியிலும் 101 என்றே காட்டும் உணரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டிகளுக்கும் உயரம் தொல்லை தரும். ஈப்போவில் அளவாகச் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர், மலையில் மெல்லிய காற்றுடன் தேவைக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கலக்கிறது. அதனால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது, இழுவை குறைகிறது. கணினி உள்ள வண்டியோ உணரியின் உதவியால் பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஏற்றமும் ஒரு சோதனைக்களமே. பி0171 என்னும் குறியீடு, பெட்ரோலைவிடக் காற்று மிகுந்துவிட்டதைத் தெரிவிக்கிறது. காற்று ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் இது வரும்; பெட்ரோல் வடிகட்டி அடைத்திருந்தாலும் வரும். கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்பதை வாசிப்பானில் விழுக்காடாகப் பார்க்கலாம். வண்டி நின்றபடி மெல்ல ஓடும்போது அந்த விழுக்காடு உயர்ந்தும், இயந்திரத்தை வேகப்படுத்தும்போது தாழ்ந்தும் இருந்தால், எங்கோ காற்று கசிகிறது. நின்றிருக்கும்போது இயல்பாக இருந்து, ஏற்றத்தில் சுமையுடன் ஏறும்போது உயர்ந்தால், பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை. குறியீடு ஒன்றுதான், ஆனால், அது தோன்றும் சூழல் காரணத்தைப் பிரித்துக் காட்டுகிறது.

விளக்கு எரிந்த நொடியில் வண்டியின் வேகம், இயந்திரத்தின் சுழற்சி, நீரின் வெப்பம், சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதையும் கணினி பதிந்து வைத்திருக்கும். அப்பதிவைக் குறியீட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

படிப்படியாகச் செயல்படுதல்

முறையாகப் பழுதறிய விரும்புவோர் கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. குறியீட்டையும் அப்போதைய பதிவுகளையும் தாளில் எழுதிக்கொள்ளுதல்.
2. ஓட்டுநரிடம் கேட்டறிதல்: எப்போது தொடங்கியது? ஏற்றத்திலா, மழையிலா, காலையிலா?
3. கம்பி, இணைப்பி, ஹோஸ், பியூஸ் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தல்.
4. உணரிகள் தரும் அளவுகளை இயல்பான அளவுகளோடு ஒப்பிடுதல்.
5. ஐயத்திற்குரிய பாகத்தைத் தனியே சோதித்தல்.
6. பழுதைச் சரிசெய்த பின்னரே குறியீட்டை அழித்தல்.
7. வண்டியை ஓட்டிப் பார்த்து, விளக்கு மீண்டும் எரியவில்லை என்பதை உறுதிசெய்தல்.

இவ்வரிசையில் பலர் தவறுவது ஆறாவது படியில்தான். குறியீட்டை அழிக்கும் பொத்தானை அழுத்தினால் விளக்கு உடனே அணையும். ஆனால், காரணம் அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, கணினி பதிந்து வைத்திருந்த தடயங்களும் உடன் அழிந்துபோவதாகும்.

பழைய மகிழுந்தை வாங்க நினைக்கும் குடும்பத்தினர் இதனை அறிந்திருப்பது நல்லது. விற்பவர் ஒருவர் குறியீட்டை அழித்துவிட்டு, 'விளக்கு எதுவும் எரியவில்லை, பாருங்கள்' என்று காட்டக்கூடும். குறியீட்டை அழிக்கும்போது கணினி தன் உள்சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்கும். அச்சோதனைகளுள் பல 'முடியவில்லை' என்று வாசிப்பான் காட்டினால், அண்மையில் குறியீடு அழிக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். உடனே பணத்தைக் கொடுத்துவிடாமல் காரணத்தைக் கேட்பதே அறிவுடைமை.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் சோதிக்க வேண்டும். அது விட்டு விட்டு மின்னினால், பொதுவாக இயந்திரத்தில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள மாசு நீக்கியை அளவுக்கு மீறிச் சூடாக்கிக் கெடுத்துவிடும். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். இரண்டாவதாக, இயந்திரக் குறியீடு இல்லை என்பதாலேயே வண்டி நலமாக உள்ளது என்று கொள்ளக்கூடாது. தேய்ந்த பிரேக்கையும் வழுக்கையான டயரையும் இக்கருவி காட்டாது. இறக்கத்தில் நம்மைக் காப்பவை அவைதாம்.

கருவியும் கற்றவரும்

குறியீடு வாசிப்பானின் விலை இன்று குறைந்துவிட்டது. கைப்பேசியுடன் இணைத்துப் பயன்படுத்தும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன. கருவியை யாரும் வாங்கிவிடலாம். ஆனால், -40 பாகை என்னும் எண்ணைக் கண்டதும் 'இது வெப்பநிலை அன்று, அறுந்த கம்பி' என்று உணர்வதற்கு அறிவியல் அறிவு வேண்டும். 85 கிலோபாஸ்கல் சரியான அளவு என்று சொல்வதற்குத் தாம் வாழும் மண்ணின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும்.

வாகனப் பழுதுபார்ப்பில் ஆர்வமுள்ள மாணவர்கள், தொழில் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பயின்று மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். அதற்கான அடித்தளம் இன்று வகுப்பறையில் கற்கும் மின்னோட்டம், அழுத்தம், வெப்பம் ஆகிய பாடங்களிலேயே உள்ளது. தோட்டத்துச் சரிவில் நிற்கும் பழைய வண்டியை மீண்டும் ஓடவைப்பவர், ஒரு குடும்பத்தின் அன்றாடப் பிழைப்பையே மீட்டுத் தருகிறார். அவரை நம்பி வண்டியை ஒப்படைப்பவரின் பணத்தை வீணாக்காமல், காரணத்தைக் கண்டறிந்து பழுதை நீக்குவதே அத்தொழிலின் நேர்மையாகும்.

கருத்துணர் வினாக்கள்

1. கம்போங் ராஜா மக்களின் வாழ்வில் வாகனங்கள் பெறும் இடத்தை இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
2. பழைய லேண்ட் ரோவர் வண்டிகளில் குறியீடு வாசிப்பானைப் பயன்படுத்த முடியாதது ஏன்?
3. பி0118 குறியீடு தோன்றியதும் உணரியை மாற்றிவிடுவது சரியான தீர்வாகுமா? காரணம் தருக.
4. 'மலையுச்சியிலும் 101 என்றே காட்டும் உணரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.' இக்கூற்றை உன் சொந்த நடையில் விளக்குக.
5. உன் குடும்பத்தினர் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கவிருக்கின்றனர். அவர்களுக்கு நீ கூறும் மூன்று அறிவுரைகளை எழுதுக.